கதிரைத் திருத்தியிருப்பேனா?

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன் என்று மாப்பிள்ளையிடம் குறைப்பட்டாயாம். பக்கத்து அறையில் கதிர் இருந்தான். "கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தும் கருவி அப்போதே வந்திருந்தால் தம்பியைக் கருவிலேயே சரிசெய்யச் சொல்லியிருப்பாயா?" என்ற கேள்விக்கு அவன் காதுபட அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய உயிரியல் டீச்சர், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்.

முழங்கால் வீங்கி விடிய விடிய அவன் அழுத நாட்களில் யாராவது வந்து "மாற்றித் தருகிறேன்" என்றிருந்தால், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். நாக தோஷம் என்று உன் பாட்டி எங்களைக் கோயில் கோயிலாக அலையவைத்த காலம் அது. ஆனால் நீ கேட்பது இன்னும் பிள்ளையாகாத ஒரு கருவைப் பற்றி. அதற்கு என் பதில் வேறு.

முதலில் அவனுக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொள். ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய். முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கியது அதனால்தான். ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியை உண்டாக்கும் மரபணு, எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கரத்து நுனியில் இருக்கிறது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அந்த மரபணுவின் 22ஆம் இன்ட்ரானில் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதியில்) முறிவு ஏற்பட்டு, 5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கும் மேல் நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கும். கதிருக்கும் அதேதான். பத்திரிகைகள் 'மரபணுக் கத்தரி' என்று எழுதுவதைப் படித்தால், ஏதோ ஒரு எழுத்துப் பிழையை அடித்துத் திருத்துவது போலத் தோன்றும். இங்கே இரண்டு முனையிலும் வெட்டி, அவ்வளவு நீளத் துண்டையும் நிமிர்த்த வேண்டும். கத்தரிக்கு வெட்டத்தான் தெரியும். ஒட்டுகிற வேலை செல்லுடையது, அது நம் சொல்லைக் கேட்காது. ஆய்வகத் தட்டில் ஏராளமான செல்களில் செய்துபார்த்து, சரியாக வந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். ஒரே செல்லாக இருக்கும் கருவில் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது?

சரி, தொழில்நுட்பம் ஒருநாள் தேறிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கருவைத் திருத்த வேண்டுமானால் அது உடலுக்கு வெளியே உருவாக வேண்டும். அப்படிச் சில கருக்களை உருவாக்கினால், கோளாறான மரபணுவைச் சுமக்கும் என்னைப் போன்ற கேரியர் தாய்க்குச் சராசரியாகப் பாதிக் கருக்களில் இந்தக் கோளாறே இருக்காது. பரிசோதித்து அவற்றில் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது, கத்தரியே வேண்டாம். மரபணுத் திருத்தத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த எளிய கணக்கைச் சொல்வதே இல்லை.

ஆனால் இதில் எனக்கே ஒரு நெருடல் உண்டு. தேர்ந்தெடுத்திருந்தால் வேறொரு பிள்ளை பிறந்திருக்கும், கதிர் வந்திருக்கமாட்டான். திருத்தியிருந்தால் கதிரே வந்திருப்பான், வீங்கிய முழங்கால் இல்லாமல். அப்படிப் பார்த்தால் திருத்துவதுதான் அன்பு என்று ஒருவர் வாதாடலாம். அந்த வாதத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை.

அதற்குக் குறுக்கே நிற்பது ஷென்ஜென் நகரில் நடந்தது. 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். லூலூ, நானா என்று புனைபெயர் வைத்தார். தந்தைக்கு எச்ஐவி. அதற்காக சிசிஆர்5 என்ற மரபணுவை வெட்டினாராம். விந்தணுவைச் சுத்திகரித்துக் கரு உருவாக்கினாலே குழந்தைக்குத் தொற்று வராது, அது பழைய முறை. சிலருக்கு இயற்கையாகவே அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கும், அவர்களுக்கு எச்ஐவி எளிதில் தொற்றாது. இந்தக் குழந்தைகளுக்கு ஏற்பட்டதோ வேறு எந்த மனிதரிடமும் சோதித்துப் பார்க்காத புது மாற்றங்கள். எல்லாச் செல்களிலும் ஒரே மாதிரி நடந்ததா என்பதும் சந்தேகம். 2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள். 2022-ல் வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண்கள் அப்படி வெளியே வர முடியாது. அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் இது போகலாம்.

இன்னொரு பயம் நம் ஊரைப் பார்த்து வந்தது. கருவின் குறைபாட்டைக் கண்டறிய வந்த பரிசோதனைகளை நம்மவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? பெண் கரு என்று தெரிந்தால் கலைப்பதற்கு. 1994-ல் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டியிருந்தது. ஹீமோபிலியா போன்ற பாலினம் சார்ந்த பரம்பரை நோய்களுக்குச் சோதிக்க அதே சட்டம் இடம் தருகிறது, அது நியாயம். ஆனால் சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் 'மணமகள் தேவை' பக்கத்தை எடுத்துப் பார். சிவப்பு நிறம், உயரம் என்று கேட்கிற இந்தக் கூட்டத்தின் கையில் கத்தரியைக் கொடுத்தால் ஹீமோபிலியாவோடு நிறுத்திக்கொள்வார்களா?

நீ இருக்கும் ஜெர்மனியில் கருவின் மரபணுவை மாற்றுவது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கக்கூட 2011-ல்தான், அதுவும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் மட்டும், வழிவிட்டார்கள். 'பிற்போக்கு' என்று நீ அலுத்துக்கொள்கிறாய். 1933-ல் 'பரம்பரை நோய்' என்று பெயர் சொல்லிச் சட்டம் போட்டு, வலிப்பு உள்ளவர்கள், பிறவியிலேயே காது கேளாதவர்கள் என்று சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்த நாடு அது. அவர்கள் தயங்குவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதனால் மரபணு சிகிச்சையே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. இங்கே பக்கத்தில், வேலூர் சிஎம்சியில், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு ரத்தத்தை உண்டாக்கும் அவரவர் ஸ்டெம் செல்களையே எடுத்து, லென்டிவைரஸ் என்ற வைரஸ் வழியாக எட்டாம் காரணி மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. படித்துவிட்டு நான் குதித்தேன். வெளிநாட்டில் கல்லீரலுக்குள் மரபணுவை அனுப்பும் இன்னொரு சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்க விலை 29 லட்சம் டாலராக இருந்தது, அதிலும் ஆண்டுகள் போகப்போகக் காரணியின் அளவு குறைகிறது. வேலூர் முறையில் நோயாளிக்குக் கீமோ மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையில் புதிய செல்களுக்கு இடம் உண்டாக்க வேண்டும்.

வேலூர் சிகிச்சைக்குப் போ என்று நான் கதிரை நச்சரித்தேன். அவன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "ரத்தக்கசிவைத் தடுக்க இப்போது போடும் எமிசிசுமாப் ஊசியே எனக்குப் போதும். கீமோ வேண்டாம். பத்து வருடம் போகட்டும்" என்றான். 1999-ல் அமெரிக்காவில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் மரபணு சிகிச்சை ஆய்வில் இறந்ததையும் எனக்கே எடுத்துச் சொன்னான். எனக்குக் கோபம்தான். ஆனாலும் உடம்பு அவனுடையது, வேண்டாம் என்று சொல்ல அவனால் முடிகிறது. அந்த ஐந்து பேரும் சம்மதம் என்று சொன்னதும் அப்படித்தான். நீ சொல்லும் கருவிடம் யார் போய்க் கேட்பது?

இனி உன் விஷயம். நீ கேரியராக இருக்க வாய்ப்பு சரிபாதி. கதிருடைய கோளாறு எது என்று தெரிந்திருப்பதால் உனக்குச் சோதிப்பது எளிது. அவனுடைய பரிசோதனை அறிக்கையை அவனிடம் கேட்டு ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், அங்கே மரபணு ஆலோசகரிடம் கொடு. எட்டாம் காரணி அளவையும் பார்க்கச் சொல். கேரியர் பெண்களுக்கும் அது குறைவாக இருக்கலாம், பிரசவத்தின்போது சிக்கலாகும். ஆண் குழந்தையாக இருக்கலாம் என்றால் வாக்குவம் (தலையை உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்து எடுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடு. சோதித்த பிறகு நீயும் மாப்பிள்ளையும் எடுக்கும் முடிவு எதுவானாலும், கருவைத் தேர்ந்தெடுப்பதானாலும், வருவது வரட்டும் என்று விடுவதானாலும், நான் குறுக்கே பேசமாட்டேன். பாட்டி பேசுவார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கதிரிடமும் கேள். அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அவனைத் திருத்தியிருக்கலாமா என்று என்னிடம் மட்டும் கேட்பது சரியில்லை. ஞாயிறு மாலை கடையை மூடிவிடுவான், உங்கள் ஊரில் மதியம் இருக்கும். அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா
குடியாத்தம்