தம்பிக்கு: கதையை விட்டுவிடு, சிக்கலை எடுத்துக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். குளிர்காலம் வந்துவிட்டது, நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. இவ்வளவு நீண்ட மாலைகளுக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயைவிட நல்ல துணை கிடையாது. அம்மாவிடம் ஸ்வெட்டர் போதுமான அளவு இருக்கிறது, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்.

நண்பர்கள் நாலு பேரை வைத்து விண்வெளி கேம்பெய்ன் (பல செஷன்கள் நீளும் தொடர் ஆட்டம்) தொடங்கப் போகிறேன், ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ டிவி தொடரின் முதல் சீசனை அப்படியே நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். டிவியில் யார் எந்தக் கதவைத் திறப்பார் என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. மேசையில் அது நாலு பேர் கையில். கப்பல் தலைவர் எதிரியோடு பேச்சுவார்த்தைக்குப் போவார் என்று நம்பி நீ 12 பக்கம் எழுதி வைத்திருப்பாய். அவர்கள் முதல் பத்து நிமிஷத்தில் ஏர்லாக்கை, அதாவது கப்பலின் வெளிக்கதவை, திறந்து தூதுவரை வெளியே தள்ளிவிடுவார்கள். ஆகவே ஒரு எபிசோடில் யாரும் எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் இருக்கும் நிலைமையை மட்டும் எடுத்துக்கொள். அவர்கள் எடுத்த முடிவையும் அதன் விளைவையும் விட்டுவிடு.

அந்தத் தொடரின் முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். 2004-இல் வந்தது, பெயர் ‘33’. 33 நிமிஷத்துக்கு ஒருமுறை எதிரி வந்துவிடுகிறான், கப்பல்கள் ஒரே நொடியில் வெகுதூரம் தாவித் தப்பிக்கின்றன. ஐந்து நாளாக யாருக்கும் தூக்கம் இல்லை. ஒருமுறை தாவும்போது ஒரு கப்பல் பின்தங்கிவிடுகிறது, துரத்தலும் நின்றுபோகிறது. பிறகு அந்தக் கப்பல் திரும்பி வருகிறது, எதிரி அதை வைத்துத்தான் துரத்தினானோ என்ற சந்தேகத்தோடு. எடுக்க வேண்டியவை மூன்றுதான்: கடிகாரம், தூக்கமின்மை, திரும்பி வந்த கப்பல். அதை என்ன செய்வது என்பதை உன் ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடிகாரத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். நிஜ டைமரை 33 நிமிஷத்துக்கு வைத்தால் 4 மணி நேரத்தில் 7 முறை அடிக்கும். கணக்குக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு நல்ல உரையாடல் சூடு பிடிக்கும்போதுதான் அது அடிக்கும். டைமரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு காட்சி முடிந்தால் ஒரு தாவல் என்று வைத்துக்கொள்.

தூக்கமின்மைக்கு எண் வேண்டும். 1977-இல் முதலில் வந்த ‘டிராவலர்’ என்ற விண்வெளி ரோல்பிளேயின் இப்போதைய விதிகளின்படி, சாதாரண வேலைக்கு இரண்டு டைஸ் உருட்டி 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. அதாவது 36-இல் 15, ஏறக்குறைய 42 சதவீதம். தாவலுக்கு ஒன்று வீதம் கழித்தால் -1-இல் 28 சதவீதம், -2-இல் 17, -3-இல் வெறும் 8. மூன்றாவது தாவலிலேயே யாரும் எதையும் முயற்சி செய்ய மாட்டார்கள், ஆட்டம் படுத்துவிடும். ஆகவே -2-க்குக் கீழே இறக்காதே. தன் வேலையில் கைதேர்ந்தவனுக்கு +2 இருந்தால் அவன் 72-இல் தொடங்கி 42-இல் நிற்பான், அது தாங்கும். கூடவே ஒரு விதி சேர்: இரண்டு தாவல்களுக்கு இடையே ஒருவர் தூங்கலாம், தூங்கினால் ஒரு புள்ளி திரும்பக் கிடைக்கும், ஆனால் அவர் இருக்கை காலி. யாரைத் தூங்க அனுப்புவது என்ற சண்டை ஒன்றே அரை மணி நேரம் ஓடும்.

அளவையும் கவனி. விளம்பரம் போக 45 நிமிஷம் ஓடும் எபிசோடில் இருபதுக்கும் மேல் காட்சிகள் வரும். மேசையில் ஒரு காட்சி 25, 30 நிமிஷம் தின்னும். 4 மணி நேர செஷனில் எட்டு, ஒன்பது காட்சிதான் தேறும். டிவி எபிசோடில் பக்கக் கதை ஒன்று கூடவே ஓடுமே, அதை மொத்தமாக வெட்டிவிடு. பக்கக் கதையை உன் ஆட்டக்காரர்களே கொண்டுவருவார்கள், நீ கேட்காமலே.

கருவிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ‘ஸ்டார் டிரெக்’கில் ஆளை ஆற்றலாக மாற்றி அனுப்பும் இயந்திரம் வந்ததற்குக் காரணம் பட்ஜெட். வாராவாரம் ஒரு கப்பல் தரையிறங்குவதைப் படம்பிடிக்கக் காசில்லை. விளைவு என்னவென்றால், கதையில் ஆபத்து வேண்டும் என்றாலே எழுதுகிறவர்கள் முதலில் அந்த இயந்திரத்தைக் கெடுத்தாக வேண்டும்: புயல், கவசம், பழுது. உனக்கு அந்தப் பட்ஜெட் பிரச்சினையே இல்லை, பிறகு ஏன் அதன் தீர்வைச் சுமக்கிறாய்? ஆட்டக்காரர்களுக்கு அந்த இயந்திரத்தைக் கொடுத்தால், இரண்டாவது வாரமே எதிரிக் கப்பலின் மையத்தில் குண்டை இறக்குவார்கள். ஆறு பேர் உட்காரும் சிறிய இறங்குகலம் ஒன்று கொடு. ஏழாவது ஆளை என்ன செய்வது என்று அவர்கள் தவிக்கட்டும்.

ஒரே நேரம் திரும்பத் திரும்ப நடக்கும் காலச்சுழல் கதை எல்லோருக்கும் பிடிக்கும். 1992-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எபிசோட் ஒன்றில் கப்பல் திரும்பத் திரும்ப வெடிக்கும். கப்பலில் உள்ளவர்களுக்கு நினைவில்லை, ஏதோ முன்பே நடந்தது போன்ற உணர்வு மட்டும். பார்க்கிற நமக்கு எல்லாம் தெரியும், அதில்தான் சுவை. மேசையிலோ பார்ப்பவரும் நடப்பவரும் ஒரே ஆள். தெரிந்ததைத் தெரியாததுபோல் இரண்டு மணி நேரம் நடிக்கச் சொன்னால் சலித்துப்போகும். இரண்டாவது சுற்றிலிருந்து கேரக்டர்களுக்கும் நினைவு இருக்கட்டும். முதல் சுற்று ஒரு மணி நேரம், இரண்டாவது அரை மணி, அதற்குப் பிறகு பத்துப் பத்து நிமிஷம். ஐந்து சுற்றுக்கு மேல் இழுக்காதே. எந்த நிமிஷத்தில் யார் எங்கே என்ற அட்டவணை, பத்து வரி போதும், உன் கையில் இருக்க வேண்டும். வெளியேற மூன்று வழியாவது வை. ஒன்றே ஒன்று வைத்தால் அதைத்தான் அவர்கள் கடைசிவரை பார்க்க மாட்டார்கள்.

யாராவது நடுவில் விலகினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். இதற்கு ‘பாபிலான் 5’ என்ற விண்வெளித் தொடரைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு 1994 முதல் 1998 வரை எடுத்தார்கள். எந்த நடிகரும் போய்விடலாம் என்று, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதையை விட்டு வெளியேற ஒரு மறைவழி யோசித்து வைத்திருந்தார்கள். முதல் சீசன் முடிந்ததும் நாயகனே போனார். வேறொரு தளபதி வந்தார், தொடர் நிற்கவில்லை. பழையவரும் பிற்பாடு வந்து தன் கதையை முடித்துவிட்டுப் போனார். நீயும் ஒவ்வொரு கேரக்டருக்கும் இரண்டு வரி எழுதி வை: இவர் போனால் எங்கே போவார், இவர் சுமந்த ரகசியம் யாரிடம் சேரும்.

துரோகி விஷயம் சுருக்கமாக. ஒரு ஆட்டக்காரரின் கேரக்டரை அவருக்கே தெரியாமல் எதிரியின் ஆளாக்காதே. கேரக்டர் உருவாக்கும் முன்பே தனியாகக் கேள். ஒப்புக்கொண்டால் மூன்று நாலு செஷனுக்குள் அந்த ரகசியத்தை உடைத்துவிடு. அதற்கு மேல் உனக்கும் அவருக்கும் இடையே நடக்கும் துண்டுச்சீட்டு பரிமாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

உன் கூட்டத்தில் யாராவது நீ சிக்கலை எடுத்த தொடரைப் பார்த்திருந்தால்? இடத்தை மாற்று, யாருக்கு என்ன வேண்டும் என்பதை மாற்று, தவறு யார் பக்கம் என்பதை மாற்று. விண்கப்பல் படை பாலைவன வண்டிக் கூட்டமாகட்டும், திரும்பி வந்த வண்டியில் இருப்பவர்கள் உண்மையிலேயே குற்றமற்றவர்களாக இருக்கட்டும். கண்டுபிடிக்கவே மாட்டார்கள். கடன் ஒருபக்கமானதும் அல்ல: ‘எக்ஸ்பேன்ஸ்’ என்ற விண்வெளித் தொடரின் உலகம் ரோல்பிளே ஆட்டமாக ஓடி, நாவலாகி, அதன்பிறகுதான் 2015-இல் டிவிக்குப் போனது.

கப்பலின் ஒரே ஒரு தளத்துக்கு வரைபடம், அதில் இருக்கும் ஆறு பேரின் பெயர், ஆளுக்கு ஒரு ஆசை. இவ்வளவையும் எழுதி அனுப்பு. முதல் செஷனுக்கு முன்னால் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்