வட்டமிடும்போது எண்ண வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசந்தத்தில் மலையுச்சிக்குப் போய் வலசைப் பருந்துகளை எண்ணச் சொல்லிச் சென்ற இதழில் வாசகர்களை அழைத்திருந்தீர்கள். அழைப்பு நல்லது, காலம்தான் இடிக்கிறது. வசந்தக் கணக்கு பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு. இஸ்ரேலின் எய்லாத் மலைகளின் மேல் மார்ச், ஏப்ரலில் லட்சக்கணக்கில் கடந்து போகிற ஸ்டெப்பி பஸ்ஸார்டு என்னும் வலசைப் பருந்துகளில் நம் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பியவையும் உண்டு. அவை கிளம்பும்போது நமக்கு இலையுதிர்காலம். நம் வசந்தமான செப்டம்பரில் ஏறினால் பெரும்பாலும் வெறும் வானத்தைத்தான் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். மாசி நடுவிலிருந்து பங்குனி வரை ஏறுங்கள்.

இடம் தேடி டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் வரை போக வேண்டியதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே உள்ள வேர்ல்ட்ஸ் வியூ போன்ற, சரிவை ஒட்டிய திறந்த மேடு போதும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று தூணாக மேலெழும். அகலச் சிறகுள்ள பஸ்ஸார்ட் அதில் சுற்றிச் சுற்றி உயரம் பிடித்து, பிறகு சிறகை அடிக்காமலே அடுத்த தூண்வரை சறுக்கிப் போகும். ஆகவே விடியற்காலையில் போய் நடுங்க வேண்டாம். 9 மணிக்கு நின்றால் போதும், 3 மணிவரை பாருங்கள். உச்சி வெயிலில் பறவைகள் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மேகமே இல்லாத நீல வானம் அழகுதான், எண்ணுகிறவருக்கு அதுதான் எதிரி. வெண்மேகம் பின்னணியில் இருந்தால் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

பிழை நேர்வது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். 60 பறவைகள் சுழலும் கூட்டத்தைச் சுழலும்போதே எண்ணினால் 40 வரும், மறுபடி எண்ணினால் 90 வரும். கீழிருந்து புதியவை சேர்ந்துகொண்டே இருக்கும், மேலே ஏறியவை விலகிக்கொண்டே இருக்கும். தூணின் உச்சியிலிருந்து அவை வரிசையாகச் சறுக்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். வானத்தில் ஒரு கோட்டை மனத்தில் குறித்துக்கொண்டு, ஒரு மரமோ கோபுரமோ அடையாளமாக வைத்து, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுங்கள். கூட்டம் பெரிதானால் முதலில் 10 பறவைகளை ஒழுங்காக எண்ணி, அந்த 10 எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு பத்துப் பத்தாக நகருங்கள். இருவர் பார்க்க, ஒருவர் எழுத வேண்டும். பார்ப்பவரே எழுதக் குனிந்தால் ஒரு கூட்டம் போய்விடும். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் தாராளம்.

வடக்கு நோக்கிப் போகாதவற்றைச் சேர்க்காதீர்கள். ஒரே சரிவில் காற்றை எதிர்த்துத் தொங்கி நின்று, போய்ப் போய்த் திரும்பி வருவது ஜாக்கல் பஸ்ஸார்ட். மார்பும் வாலும் செம்பழுப்பு, ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும் உள்ளூர்க்காரர். பிளவுபட்ட வாலைத் திருகித் திருகிப் பறப்பது மஞ்சள் மூக்குப் பருந்து. அதுவும் மார்ச் வாக்கில் கிளம்பும், அதற்குத் தனி வரி போடுங்கள். அதே தூணில் வெள்ளை நாரைகளும் சுற்றும். வாலுக்குப் பின்னால் நீளும் கால்கள் அவற்றைக் காட்டிக் கொடுக்கும். எதுவென்று தெரியாவிட்டால் 'இனம் தெரியாதது' என்றே எழுதுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மணிக்கொரு முறை காற்றின் திசை, மேகம், பார்த்த நேரம் எல்லாம் குறிக்க வேண்டும். நேரம் இல்லாத எண்ணிக்கையை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது. நாள் முழுக்க நின்றும் ஒன்றும் வராவிட்டால் 0 என்று எழுதுங்கள். காவடி நாளில் மேட்டுக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. அந்த நாளுக்கு 0 போடக் கூடாது, 'பார்க்கவில்லை' என்று போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிய ஏடு எதற்கும் உதவாது.

உங்கள் குறிப்பில் அமூர் வல்லூறு என்னும் சிறிய வலசைப் பறவையையும் சேர்த்திருந்தீர்கள். அதை உச்சியில் நின்று எண்ணுவது வீண். சூடான காற்றை மட்டும் நம்பி வாழாத பறவை அது. அரபிக் கடலையே நிற்காமல் கடக்கும், இரவிலும் பறக்கும். ஈசலும் வெட்டுக்கிளியும் தின்று பகலெல்லாம் வயல்வெளியில் சிதறிக் கிடந்துவிட்டு, மாலையில் ஊருக்குள் உயரமான யூக்கலிப்டஸ் மரங்களில் ஆயிரக்கணக்கில் வந்து அடையும். மூயி ரிவர், நியூகாசில் ஊர்களின் பக்கம் உள்ளவர்களுக்கு இது பழகிய காட்சி. சூரியன் மறைய அரை மணி முன்பே மரத்தருகே இருங்கள். நான்கு திசைக்கும் ஒவ்வொருவர் நின்று, தம் பக்கத்திலிருந்து உள்ளே வருபவற்றை மட்டும் எண்ண வேண்டும். அமர்ந்தபின் எண்ண முயன்றால் பாதி இலைக்குள் மறைந்திருக்கும். ஆலங்கட்டி மழை அடித்த மறுநாள் காலை மரத்தடியையும் பாருங்கள், நூற்றுக்கணக்கில் செத்து விழுவதுண்டு. அந்த எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும், மே முதல் வாரத்தில் ஒரு மாலை போய் மரம் காலியாகிவிட்டதா என்று பார்த்து ஏட்டை முடியுங்கள்.

இப்படிக்கு,
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்