"குலதெய்வம் எதுங்க?" – கோவை டவுனில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை டவுனுக்குள் வீடு வைத்திருந்து வாடகைக்கு விடுகிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கமுங்க.

மூன்று மாதமாக உங்கள் வாசல்களில் வந்து நிற்கிறவள் எழுதுகிறேன். ராம் நகர், காட்டூர், டாடாபாத், ஆர்.எஸ். புரம் என்று இதுவரை 17 வீடு பார்த்தாகிவிட்டது. காந்திபுரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் வேலை முடிய இரவு 10 மணி ஆகும். கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், படியேற முடியாது. நடந்து போகிற தூரத்தில், கீழ்த்தளத்திலோ லிஃப்ட் இருக்கிற அப்பார்ட்மென்டிலோ ஒரு வீடு. எங்கள் தேவை அவ்வளவுதான். வாடகையைக் குறைக்கச் சொல்லி நான் எங்கேயும் கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் மரியாதையாகத்தான் பேசுகிறீர்கள். உட்காரச் சொல்கிறீர்கள், தண்ணீர் கொடுக்கிறீர்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும், உப்புத் தண்ணி எந்தக் குழாயில், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்றெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறீர்கள். அப்புறம் ஆரம்பிக்கிறது. "சொந்த ஊர் எதுங்க?" காங்கயம் பக்கம் என்கிறேன். "காங்கயத்துல எங்கீங்க?" சொல்கிறேன். "அங்க யாரு ஊட்டுப் பொண்ணு?" அதிலும் என்ன சாதி என்று விளங்கவில்லை என்றால் கடைசியாக அது வந்துவிடும்: "குலதெய்வம் எதுங்க?"

கோயில் பேரைச் சொன்னதும் யாரும் முகம் சுளிப்பதில்லை. குரல்தான் கொஞ்சம் இறங்குகிறது. "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றனுங்க." இரண்டு நாள் கழித்துப் போன் செய்தால், பையன் குடி வருகிறான் என்பீர்கள், இல்லை சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டார்கள் என்பீர்கள். அப்படி ஒரு வீட்டில் சொல்லி மூன்று வாரம் ஆயிற்று. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். டு லெட் பலகை இன்னும் கேட்டில்தான் தொங்குகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்டாலே கசக்கிற வீட்டில் நான் வளரவில்லை. எங்கள் அம்மச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் ஊர் கேட்டு, வீடு கேட்டு, தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் ஏதோ ஒரு வழியில் உறவு கண்டுபிடித்துவிடும். இறங்கும்போது மடியில் அவர்கள் கொடுத்த முருங்கைக்காய் இருக்கும். முன்பின் தெரியாதவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள நம் ஊர்க்காரர்கள் வைத்திருந்த கேள்வி அது. அதே கேள்வி ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பப் பயன்படுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புரோக்கர்கள் இன்னும் வெளிப்படை. "என்ன ஆளுங்கன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நமக்கு அலைச்சல் மிச்சமுங்க" என்று போனிலேயே கேட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் கேட்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். கவுச்சி சமைப்பீர்களா என்பதும் பெரும்பாலும் சமையலைப் பற்றிய கேள்வி இல்லை.

ஒரு அம்மா மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருக்கிறார், அந்த வாடகைதான் அவருக்குச் சோறு. "தெரிஞ்ச ஆளுன்னா காலி பண்ணச் சொன்னா பண்ணிருவாங்க கண்ணு. தெரியாதவங்களை எங்க போய்ப் புடிக்கறது?" முன்பு இருந்தவர் ஆறு மாத வாடகையையும் கரண்ட் பில்லையும் பாக்கி வைத்துவிட்டுப் போனாராம். அவர் யாருங்கம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஒறம்பரைதான் கண்ணு" என்றார். சொந்தக்காரரேதான்.

அவருடைய பயம் நியாயமானது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கும்போது யாருக்கும் வருகிற பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து குலதெய்வத்தின் பேரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றி 2017-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960-ஆம் வருட வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே பதியலாம். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அட்வான்ஸ், இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த 17 வீட்டில் எத்தனை பேர் பதிவைப் பற்றிப் பேசினீர்கள்? இரண்டு பேர். குலதெய்வத்தைக் கேட்டவர்கள் பதினொரு பேர்.

இன்ன ஆளுக்கு வீடு இல்லை என்று சொல்வதைத் தடுக்கும் பிரிவு ஒன்றும் அந்தச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் கலெக்டருக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இதை நிறுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும். 1888-ல் முதல் மில் வந்தது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வந்த பிறகு மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து வேலைக்கு வந்த சனங்கள் லைன் வீடுகளில் தங்கினார்கள். எங்கள் அப்புச்சி அப்படி வந்தவர்தான். பத்துக்குப் பத்து அறை, வரிசைக்கு ஒரு குழாய். உங்களில் பலருடைய தாத்தாவும் அப்படி ஒரு வரிசையில் யாரோ ஒருவருக்கு வாடகை கொடுத்துத்தான் இருந்திருப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வீடு பார்க்க வருவேன். பையில் ஆதார் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இப்போதைய வீட்டுக்காரரின் போன் நம்பர் எல்லாம் இருக்கும். ஆறு வருடத்தில் ஒரு மாதமாவது வாடகை தள்ளிப்போயிருக்கிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் பதிகிற செலவை நான் ஏற்கிறேன். அம்மாவையும் கூட்டி வருகிறேன், படி எத்தனை இருக்கிறது என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம் பக்கத்துப் பெண் ஒருத்தி