பொறியியல் மாணவியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களே, தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழியரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையின் நகல் அவர்களுக்கு எப்படியும் அனுப்பப்படும்; இதில் கணிசமான பகுதி அவர்களைப் பற்றியதுதான்.

ஆண்டுத் தொடக்கத்தில் முதலாண்டு மாணவியருக்கு வரவேற்புக் கூட்டம் நடந்தது. செயற்குழு ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடியது. பொறியியல் வரைபடத்துக்கும் கணிதத்துக்கும் மூத்த மாணவியர் நடத்திய மாலை வகுப்புகள் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நிரம்பி வழிந்தன, மற்ற வாரங்களில் சொல்லித்தருபவர் மட்டும் வந்துபோனார். வேலைவாய்ப்பு நேர்காணலுக்கான மாதிரிப் பயிற்சியும் நடந்தது. "திருமணத்துக்குப் பிறகும் வேலையில் தொடர்வீர்களா?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதிலேயே பயிற்சி நேரத்தில் பாதி கரைந்தது. உடன் படிக்கும் ஆண்களிடம் விசாரித்தோம். அவர்களில் ஒருவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

பட்டறைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்ற மனு பரிசீலனையில் இருக்கிறது. சென்ற ஆண்டறிக்கையிலிருந்து இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன்.

ஜூன் 23, பொறியியல் துறைப் பெண்களுக்கான சர்வதேச நாள். பிரிட்டனில் பெண் பொறியாளர்கள் 1919இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கிய நாள் அது. அன்று ஒரு சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1940களில் பட்டம் பெற்ற ஏ. லலிதாவைப் பற்றிப் பேச்சாளர் விரிவாகச் சொன்னார். கைக்குழந்தையோடு கணவரை இழந்த பிறகு படிக்க வந்தவர். அவருடைய சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைக் கேட்கும் கொடுப்பினை முன்வரிசைக்கு மட்டுமே வாய்த்தது. முன்வரிசைக்குப் பின்னால் யாரும் இல்லை.

இனி, 'செயலாளர் ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு ஆண்டு முழுவதையும் கழித்துவிட்டார்' என்று சிலர் சொல்லிவருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஆய்வகத்தில் நான்கு பேர் கொண்ட குழுவில் பெரும்பாலும் ஒரு பெண் இருப்பாள். பேனா அவள் கைக்குத்தான் வரும். காரணம் கேட்டால், "உன் கையெழுத்து அழகாக இருக்கிறது" என்பார்கள். சர்க்யூட்டை இணைப்பது ஒருவர், மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் குமிழ்களைத் திருகுவது இன்னொருவர், அருகில் நின்று ஆலோசனை சொல்வது மூன்றாமவர். மதிப்பைக் குறித்துக்கொண்டு, வரைபடம் போட்டு, ரெக்கார்டு நோட்டை முடிப்பது அவள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வில், அலை திரையில் நிற்காமல் ஓடினால் எதைச் சரிசெய்வாய் என்று கேட்கும்போது, அலையை நிலையாக நிறுத்தும் டிரிகர் குமிழைத் தொட்டே பார்க்காதவள் தடுமாறுகிறாள். இவளுக்குச் செய்முறை வராது என்ற பெயர் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. பிறகு புராஜெக்ட் குழு சேரும்போதும் அந்தப் பெயர் முன்னால் போய் நிற்கிறது.

இது நம்மோடு தொடங்கிய கதை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் எடித் கிளார்க், ஆண்டு 1919. அந்தப் பட்டத்துக்குப் பிறகும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது, கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வையிடும் வேலை. அவர் விலகிப்போய் வெளிநாட்டில் கற்பித்துவிட்டு வந்த பிறகு, 1922இல்தான் அதே நிறுவனம் அவரைப் பொறியாளராகச் சேர்த்துக்கொண்டது. மின்கடத்துத் தடக் கணக்குகளைச் சுலபமாக்க அவர் வடிவமைத்த கருவிக்கு 1925இல் காப்புரிமை கிடைத்தது. நம் ரெக்கார்டு நோட்டுப் பிரச்சினைக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே பணிச்சுழற்சிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். இணைப்பவர், கருவியை இயக்குபவர், கணக்கிடுபவர், அறிக்கை எழுதுபவர் என நான்கு பொறுப்புகள். ஒவ்வொரு சோதனைக்கும் ஆள் மாற வேண்டும். யார் எதைச் செய்தார் என்று தாளின் ஓரத்தில் கையொப்பம் இட வேண்டும். பெண்களுக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. நான்கு ஆண்கள் கொண்ட குழுவுக்கும் இதே பட்டியல்தான்.

துறைத்தலைவர் முதலில், "மாணவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்" என்றார். பேசி முடிவு செய்ததன் விளைவுதான் இது என்று விளக்கினோம். ஓர் ஆய்வகத்தில் மட்டும் சோதனை முயற்சியாக அனுமதி கிடைத்தது. நேரம் வீணாகிறது என்று ஆண்கள் முறையிட்டார்கள். முதல் சில வாரங்கள் உண்மையிலேயே வீணாகத்தான் செய்தது. கற்றுக்கொள்ளும்போது அப்படித்தான் ஆகும். ஆய்வக உதவியாளரின் புகார் வேறு மாதிரி: பையன்கள் எழுதும் அறிக்கையைப் படிக்க முடியவில்லையாம். அதை நான் திட்டத்தின் பயனாகவே கருதுகிறேன். அவர்களும் எழுதப் பழக வேண்டாமா?

பெரிய எதிர்ப்பு நம் உறுப்பினர்களிடமிருந்தே வந்தது. "எனக்கு எழுதுவதுதான் வசதி, என்னை விட்டுவிடுங்கள்" என்றவர்கள் உண்டு. பட்டியலில் ஒப்புக்குக் கையொப்பமிட்டுவிட்டு, பழையபடி பேனாவையும் நோட்டையும் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. எல்லோர் முன்னாலும் ஃபியூஸ் போய்விட்டால் ஒரு பெண்ணின் தவறு எல்லாப் பெண்களின் தவறாகிவிடும் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பையன் ஃபியூஸைப் போக்கினால் அது வெறும் ஃபியூஸ். ஆனாலும் சொல்கிறேன்: மன்றம் வாங்கித்தந்த முறையை மன்றத்தினரே விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை துறைத்தலைவரிடம் நான் எந்த முகத்தோடு போவது?

பட்டறையில் சிறிய அளவுக் கையுறைகளும் பாதுகாப்புக் காலணிகளும் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் கையுறை அணியவே கூடாது, வெல்டிங்கில் அணியாமல் இருக்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். ஆனால் விரல் நுனிக்கு அப்பால் தொங்கும் கையுறையோடு வெல்டிங் கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. கார் மோதல் சோதனைக்கான மனித பொம்மைகளில் புகழ்பெற்ற 'ஹைப்ரிட் 3' சராசரி ஆணின் அளவில் 1976இல் உருவானது. அதன் சிறிய பெண் வடிவம் பிறகுதான் வந்தது. கார்களுக்கே அந்த நிலை என்றால் கையுறைக்கு நாம் காத்திருந்ததில் வியப்பில்லை. இப்போது அலமாரியின் கீழ்த்தட்டில் சிறிய அளவுகள் இருக்கின்றன. பயன்படுத்தியவர்கள் திருப்பி வைக்கவும். இதற்குள் சில ஜோடிகள் ஒற்றையாகிவிட்டன.

சந்தா விஷயம். பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்த்தால் நாம் பெரிய மன்றம். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. குழுவில் ஓரங்கட்டப்பட்டதாக இரவில் தொலைபேசியில் அழுதவர்கள், மதிப்பெண் திருத்தத்துக்கு மன்றத்தின் கடிதம் கேட்டு வாங்கியவர்கள், பயிற்சிப் பணிக்கு மூத்தவர்களின் அறிமுகம் பெற்றவர்கள் என்று பலரை எனக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்கு உதவியதில் வருத்தம் இல்லை, அதற்காகத்தான் மன்றம். ஆனால் பிரச்சினை தீர்ந்த மறுநாளிலிருந்து பொருளாளரைக் கண்டால் வேறு வழியாகப் போவது எதற்கு? பெயர்களைச் சொல்லப்போவதில்லை. பொருளாளர் சொல்லச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன்.

வரவுசெலவைப் பொறுத்தவரை, வந்தது செலவுக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. சிறிய தொகை கையிருப்பில் உள்ளது. அச்சுச் செலவு சற்றுக் கூடுதல் என்று தணிக்கையாளர் குறிப்பிட்டிருக்கிறார். சுழற்சிப் பட்டியல்கள் தாமாக அச்சாகவில்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம்.

ஆலோசகர், துறைத்தலைவர், ஆய்வக உதவியாளர்கள், பட்டறைப் பயிற்றுநர், அரங்கம் தந்த நிர்வாகம், மாலை வகுப்பெடுத்த மூத்தோர், நாற்காலி எடுத்துப்போட்ட முதலாண்டு மாணவியர் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு எனக்கு இறுதியாண்டுப் புராஜெக்ட் இருக்கிறது. செயலாளர் பொறுப்பை மூன்றாமாண்டு மாணவி ஒருவர் ஏற்பதே முறை. இதுவரை ஒரு வேட்புமனுவும் வரவில்லை. சுழற்சிப் பட்டியலை மற்ற ஆய்வகங்களுக்கும் விரிவாக்கலாம் என்று துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் வாங்க ஒருவர் அவர் அறைக்குப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். கழிப்பறை மனுவுக்கும் அப்படியே. யாரும் முன்வராவிட்டால் நானே இன்னும் ஓர் ஆண்டு தொடரத் தயார் என்று சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. அப்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. முற்றிலும் மறுத்துவிட்டதாகவும் யாரும் கொள்ள வேண்டாம்.

வேட்புமனுப் படிவம் பொருளாளரிடம் கிடைக்கும். சந்தா பாக்கி உள்ளவர்கள் போட்டியிட முடியாது என்பது விதி. ஆகவே இரண்டு வேலையையும் அவரிடம் ஒரே நேரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்