ஆச்சிக்கும் அது பிறந்த ஊர்ப் பேச்சு இல்லை

பழைய வண்ணாரப்பேட்டை

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பேனா பிடித்தால் எனக்குப் புத்தகத் தமிழ் வந்துவிடும், சிரிக்காதே.

கதாநாயகி வேடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது, உனக்கு மீன்காரி வேடம். அதில்கூட உனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். "நீதான் நார்த் மெட்ராஸ் ஆச்சே, உனக்கு எதுக்கு ரிகர்சல், வந்து நின்னு பேசினா போதும்" என்றாராமே உங்கள் நாடக டைரக்டர், அதுதான் குத்தியிருக்கிறது. கேட்டதும் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் பேசியது தப்பு. ஆனால் அந்தக் கோபத்தில் வேடமே வேண்டாம் என்று நீ உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மனோரமா ஆச்சியை எடுத்துக்கொள். "வா வாத்தியாரே ஊட்டாண்டே" பாட்டைச் சின்ன வயதில் நம் தெருவில் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மைக் செட்டில் போடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டால் இது நம்ம பேட்டைப் பொண்ணு என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆச்சி பிறந்தது 1937-இல், மன்னார்குடியில். வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். ஆச்சி என்று எல்லோரும் கூப்பிட்டதே அந்தச் செட்டிநாட்டு வாசத்தால்தான். மெட்ராஸ் பாஷை அவருக்குத் தாய் சொல்லிக்கொடுத்தது இல்லை, காதால் சம்பாதித்தது.

அந்தப் பாட்டு வந்த 'பொம்மலாட்டம்' 1968-இல் வந்த படம். அதே வருடம்தான் 'தில்லானா மோகனாம்பாள்'. அதில் ஜில் ஜில் ரமாமணி. ஒரு பக்கம் நம்ம ஊர்ப் பேச்சு, இன்னொரு பக்கம் தெற்கே நாடகக் கொட்டகையில் அடிபட்டு வந்தவளின் இழுவையும் குழைவும். சிவாஜியும் பத்மினியும் இருக்கிற படத்தில், இந்த அம்மா வந்து நாயனக்காரரிடம் வெகுளியாகக் கேள்வி கேட்கிற இடத்துக்குத்தான் ஜனங்கள் காத்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பார். ஒரே தொண்டை என்று நம்ப முடியாது. 'வந்து நின்னு பேசினா போதும்' என்கிற வேலையா அது?

அவர் கதை உனக்கு முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள, அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூர் வந்துவிட்டார். வறுமையில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. கோபிசாந்தா என்ற அந்தப் பெண் பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறி, அங்கேதான் மனோரமா ஆனாள். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரன் நாடகக் குழு. கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' எல்லாம் நடித்தது அப்போதுதான். 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் வாய்ப்பு வந்தது. என்ன வேடம்? சிரிப்பு வேடம். கதாநாயகி ஆசையோடு இருந்த பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும், நீயே சொல். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துவிட்டார். அதோடு திரும்பவும் நகைச்சுவைக்கே வந்தார். அதற்குப் பிறகு நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று ஒவ்வொருவரோடும் ஈடுகொடுத்து நின்றாரே, அந்தக் காலத்துக் கதாநாயகிகளில் எத்தனை பேரை உனக்குப் பெயர் சொல்லித் தெரியும்?

வீட்டு வாழ்க்கை அவருக்குச் சரியாக அமையவில்லை. 1964-இல் கல்யாணம், இரண்டே வருடத்தில் பிரிவு. கையில் ஒரு பையன். பெற்ற அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஷூட்டிங் போய் வந்தார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தார், கின்னஸில் பெயர் வந்தது, அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று ஐந்து முதலமைச்சர்களோடு மேடையிலோ சினிமாவிலோ நடித்தார் என்பார்கள். எல்லாம் உண்மைதான், 2002-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கணக்கில் பெரிய ஆர்வம் இல்லை. ஆயிரம் படத்திலும் நன்றாக நடித்தார் என்று நான் சொல்லவும் மாட்டேன். பின்னால் வந்த பல படங்களில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற அம்மா வேடத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள், அவரும் கொஞ்சம் அதிகமாகவே அழுதார். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-இல் மூடினார்களே, அங்கே உன் அப்பாவோடு பார்த்த படங்களில் ஆச்சி இல்லாத படம் எது என்று யோசித்தேன், சட்டென்று ஒன்றும் வரவில்லை.

ஆனால் 'சம்சாரம் அது மின்சாரம்' வேலைக்காரி கண்ணம்மாவைப் பார். 1986-இல் வந்த படம். "கம்முனு கெட" என்று ஆச்சி போடும் போட்டில் தியேட்டரே அதிரும். அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள்தான், ஆனாலும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத நியாயம் அவளுக்குத் தெரியும். அவள் பேசுவதைக் கேட்டு நாம் சிரித்தோம், அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 'சின்ன கவுண்ட'ரில் பல்லைத் துருத்திக்கொண்டு வரும் ஆத்தா பேசியது கொங்குப் பேச்சு. நீ இருக்கிற கோயம்புத்தூரிலேயே விசாரித்துப் பார், அவர்கள் என்ன மார்க் போடுகிறார்கள் என்று. 'புதிய பாதை'க்காகத் தேசிய விருது வாங்கினார். இதில் எதுவும் கதாநாயகி வேடம் இல்லை.

இப்போது உன் மீன்காரிக்கு வருவோம். நம்ம பக்கத்துப் பேச்சு என்று ஒன்றே ஒன்றா இருக்கிறது? காசிமேட்டில் பேசுவது வியாசர்பாடியில் பேசுவது மாதிரி இல்லை. எம்.சி. ரோடு துணிக்கடைப் பையன்கள் வேறு மாதிரி. மிண்ட் பக்கம் போனால் தெலுங்கும் இந்தியும் கலந்து வரும். என் தையல் கடைக்கு வரும் பெண்களை வாயைத் திறந்த உடனே எந்தப் பக்கம் என்று நான் சொல்லிவிடுவேன், இத்தனை வருடம் ஜாக்கெட் தைத்ததில் அதுவும் ஒரு லாபம். நீ அங்கே போய் இத்தனை நாளாயிற்று, உன் நாக்கே இப்போது பாதிக் கோயம்புத்தூர். ஆகவே உனக்கும் ரிகர்சல் வேண்டும். அதை நீயே அந்த ஆளிடம் சொல்.

எல்லா நாடகத்திலும் மீன்காரி இடுப்பில் கை வைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் "இன்னாய்யா", "கஸ்மாலம்" என்று கத்துகிறாள். நிஜத்தில் அப்படியா? ஏலத்தில்தான் சத்தம். கூடையோடு தெருவுக்கு வந்துவிட்டால் வாடிக்கைக்காரர்களிடம் அவள் குரல் தாழ்ந்துதான் இருக்கும். கடனுக்குக் கொடுத்த வீட்டில் பேச்சே வராது, சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே வாசலைப் பார்ப்பாள். பணம் எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். ஒரு தடவை ஊருக்கு வா, விடியற்காலையில் காசிமேட்டுக்கு அழைத்துப் போகிறேன்.

டைரக்டரிடம் ஒரு கேள்வி கேள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. உங்கள் கதை நடப்பது எந்த மாதம்? தடைக்காலம் என்றால் அவள் கூடையில் என்ன இருக்கும், யாரிடம் வட்டிக்கு வாங்கியிருப்பாள்? அவருக்குப் பதில் தெரியாவிட்டால் நீ யோசித்து வைத்துக்கொண்டு நடி. வசனத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உடுப்பு நான் தைத்து அனுப்புகிறேன். பளபளப்புத் துணியில் ஜாக்கெட் கொடுத்தால் போடாதே. பருத்தியில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற கை, அக்குளில் தையல் பிரித்து விட்ட அடையாளம் தெரிய வேண்டும். பழைய அளவு வைத்திருக்கிறேன், ஆனால் நீ இளைத்துவிட்டாய் என்று உன் சித்தி சொன்னாள். புது அளவு எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. நாடகத் தேதி தெரிந்ததும் சொல், கோவை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும். சித்தியும் வருவாள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரிப்பாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மா