அவளுடைய நாள் யார் கையில்?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் தங்கை என்று அழைக்கும் உன் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசானது. ஆனால் பேசவும் நடமாடவும் முடியாத உங்கள் மகளை இனி அவர் தூக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றும், அரசு அலுவலர் வீட்டுக்கு வந்து மதிப்பீடு செய்துவிட்டு இரண்டு வழிகளைச் சொல்லிப் போயிருக்கிறார் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்று, முழுச் செலவையும் அரசே ஏற்கும் தங்கும் இல்லம். மற்றொன்று, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு வீட்டுக்கே உதவியாளர்களை அனுப்பும் ஏற்பாடு. எதைக் கேட்பது என்பது உன் கேள்வி. வீட்டுக்கு வரும் உதவியையே கேள் என்பது என் பதில். ஆனால் அதை எப்படிக் கேட்பது, எவற்றை எழுத்தில் வாங்குவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் சற்று நீளும்.

இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். என் தம்பி கடைசிக் காலத்தில் இருந்த இல்லம் சுத்தமாக இருந்தது. மருந்து வேளை தவறியதில்லை. அங்கிருந்த பெண்கள் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். ஆனால் அவனைத் தூக்கும் கருவியை இயக்க இரண்டு பேர் வேண்டும், இரவு ஷிப்டில் ஒருவர்தான் இருப்பார் என்ற ஒரே காரணத்துக்காக, ஜன்னலில் வெயில் இருக்கும்போதே அவனைப் படுக்கையில் கிடத்திவிடுவார்கள். நள்ளிரவு வரை வானொலி கேட்டுக்கொண்டு விழித்திருந்து பழகியவன், சுவரைப் பார்த்து ஒருக்களித்தபடி காலை ஷிப்டு வரும்வரை கிடப்பான். அங்கே யாரும் அவனுக்குத் தீங்கு நினைக்கவில்லை. பணிப் பட்டியல் ஒன்று எழுதப்பட்டிருந்தது. அவனுடைய நாள் அந்தப் பட்டியலுக்குள் எப்படிப் பொருந்துகிறதோ அப்படி வாழ்ந்தான், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியபோது, அதன் 19-ஆவது பிரிவு இதைத்தான் நேராகத் தொட்டது. எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே அவர்களும் தேர்ந்தெடுக்கலாம். குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. அந்தப் பிரிவுக்கு உடன்படிக்கைக் குழு 2017-இல் எழுதிய விளக்கம் இன்னும் கூர்மையானது. நூறு பேர் இருக்கும் பெரிய விடுதியோ, ஐந்து முதல் எட்டுப் பேர் இருக்கும் சிறிய இல்லமோ, ஏன், ஒருவர் மட்டும் வாழும் தனி வீடோகூட, உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை, அன்றாட முடிவுகளில் பிடி இல்லை, மாற்ற முடியாத நேர ஒழுங்கு என்ற குணங்கள் இருந்தால் சுதந்திரமான வாழ்வுக்கு உரிய இடமாகாது என்று அது சொல்கிறது. இதை உனக்கு வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டிலேயே வைத்துக்கொள்வதால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. காலை ஏழு மணிக்கு ஒருவர், பகலில் வேறொருவர், மாலையில் பெயர் தெரியாத இன்னொருவர் என்று ஏதோ ஒரு நிறுவனம் தன் வசதிப்படி ஆள் அனுப்பினால், உன் வீட்டுக்குள்ளேயே ஓர் இல்லம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பணம் எங்கே போகிறதோ அங்கேதான் மனிதர்களும் போய்ச் சேர்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் ஒரு சிறுமியின் கதை காட்டிவிட்டது. அயோவா மாநிலத்தில் 1978-இல் பிறந்த கேட்டி பெக்கெட், கைக்குழந்தையாக இருந்தபோதே மூளைக்காய்ச்சல் கண்டு, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்களே சொன்னார்கள். செலவும் அங்கே பல மடங்கு குறைவு. ஆனால் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் மருத்துவமனையில் இருந்தால் பணம் தரும். வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் சேர்த்து உதவியை நிறுத்திவிடும். 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர் சந்திப்பில் இதைக் குறிப்பிட்ட பிறகே விதி தளர்ந்து அவள் வீடு திரும்பினாள். அவள் 34 வயது வரை வாழ்ந்து, தன்னைப் போன்றவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள் என்பதை நீ தங்கையிடம் சொல்ல வேண்டும்.

அதே 1981-இல் வீட்டிலும் ஊரிலும் தரப்படும் சேவைகளுக்கு மெடிக்கெய்ட் பணத்தைத் திருப்பிவிட மாநிலங்களுக்கு வழி பிறந்தது. ஆனால் ஒரு குறை அப்படியே தங்கிவிட்டது. முதியோர், நோயாளர் பராமரிப்பு இல்லத்தில் இடம் என்பது தகுதியுள்ளவர்களுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஒன்று. வீட்டுச் சேவையோ மாநிலம் விரும்பினால் தருவது, எத்தனை பேருக்கு என்று வரம்பும் வைத்துக்கொள்ளலாம். அதனால் லட்சக்கணக்கானோர் அங்கே காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். ஜார்ஜியா மாநில மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த லோயிஸ் கர்ட்டிஸ், எலேன் வில்சன் என்ற இரண்டு பெண்களின் வழக்கில், தேவையின்றி ஒருவரை ஒதுக்கி வைத்திருப்பதே பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய அந்தத் தீர்ப்பு பல ஆயிரம் பேருக்குக் கதவைத் திறந்தது. கர்ட்டிஸ் வெளியே வந்து ஓவியராக வாழ்ந்தார். இருந்தும் பட்டியல்கள் குறைந்தபாடில்லை. எந்த நாட்டில் வாழ்ந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது. உனக்குச் சொல்லப்பட்ட வீட்டுச் சேவை சட்டம் தரும் உரிமையா, இந்த ஆண்டு நிதி இருப்பதால் தரப்படும் சலுகையா? இங்கிலாந்தில் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே உதவியாளரை அமர்த்திக்கொள்ள 1988-இல் தொடங்கிய தனி நிதியம் நன்றாகவே நடந்தது. 2015 ஜூன் மாதத்தோடு அதை மூடிவிட்டார்கள். அதை நம்பி வீடு எடுத்து வாழ்ந்தவர்கள் மீண்டும் உள்ளாட்சி அலுவலகத்தில் மணி நேரத்துக்காக மன்றாட வேண்டியதாயிற்று.

சுவீடன் உரிமையாகவே தந்தது. 1994 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு உதவியை உரிமையாக்கும் எல்.எஸ்.எஸ். சட்டத்தின்படி, குளிப்பது, உடுத்துவது, உண்பது, பிறரோடு தொடர்புகொள்வது போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி தேவைப்பட்டால் செலவைத் தேசிய சமூகக் காப்பீடு ஏற்கும். அதற்குக் குறைவானால் நகராட்சி ஏற்கும். அந்தப் பணத்தைக் கொண்டு தானே உதவியாளரை அமர்த்தலாம், கூட்டுறவு அமைப்பு வழியாகவும் அமர்த்தலாம். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் செலவு ஏறியபோது அங்கும் நிமிடக் கணக்கு தொடங்கியது. இருபது மணி நேரத்தைத் தாண்டுகிறாரா இல்லையா என்பதற்காக ஒவ்வொரு செயலையும் துண்டு துண்டாக்கி, இது அடிப்படைத் தேவை, இது அல்ல என்று பிரித்தார்கள். மூச்சு விட உதவுவதையும் குழாய் வழியே உணவு கொடுப்பதையும் முழுமையாக அடிப்படைத் தேவை என்று கணக்கில் சேர்க்கவே 2019-லும் 2020-லும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

இந்த நிமிடக் கணக்குதான் உன் வீட்டிலும் நடக்கப் போகிறது. அலுவலர் விட்டுச் சென்ற படிவத்தில் இரவு உணவுக்கு இருபது நிமிடம் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். சென்ற முறை நான் வந்திருந்தபோது தங்கை அவளுக்கு ஊட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழுதட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவளாக வாயைத் திறந்த பிறகே உள்ளே போயிற்று. விழுங்கிவிட்டாளா என்று தொண்டையைப் பார்த்தார், ஒரு மூச்சு விட்டார், பிறகே அடுத்த கரண்டி. அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பினால், ‘போதும்’ என்று பொருளல்ல, ‘கொஞ்சம் பொறு’ என்று பொருள். கண்ணை இறுக மூடினால்தான் ‘போதும்’ என்று பொருள். அன்று அவள் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று வரும் ஒருவர் என்ன செய்வார்? வேகமாக ஊட்டுவார், உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரலாம். பேச முடியாதவர்களுக்கு இது சிறிய ஆபத்து அல்ல. இல்லையென்றால் அவள் முகம் திருப்பியதும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே ஒரு வாரம் நீங்கள் இருவரும் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்: இரவில் படுக்கைப் புண் வராமல் எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள், வலிப்பு வந்தால் அருகில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டியிருக்கிறது, சக்கர நாற்காலியில் உட்கார வைத்த பிறகு இடுப்பும் கழுத்தும் சரியாக அமைய எவ்வளவு நேரமாகிறது. பெற்றோர் இவற்றை வேலை என்றே நினைப்பதில்லை. அதனால் அலுவலரிடம் சொல்லவும் மாட்டார்கள். சொல்லாதது படிவத்தில் ஏறாது. அந்தக் குறிப்பேட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து மறுமதிப்பீடு கேள்.

உதவியாளர்களின் சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இதைப் பேசாமல் இந்தச் சேவையைப் பற்றிப் பேசுவது வீண். நாடு எதுவானாலும் இந்த வேலைக்குக் கூலி குறைவு, அதனால் ஆட்கள் நிலைப்பதில்லை. மகளுடைய முகக்குறிப்பைப் படிக்க ஒருவருக்குப் பல மாதம் ஆகும். படித்து முடித்த நேரத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவள் மறுபடி புரியாத கைகளுக்குள் போக வேண்டும். அனுமதிக்கப்பட்ட மணி நேரம் காகிதத்தில் இருக்கும், வருவதற்கு ஆள் இருக்காது. ஆகவே மணிக்கணக்கைக் கேட்கும்போதே, அந்த மணிக்கு என்ன தொகை தருகிறார்கள், அந்தத் தொகையில் ஒரு மனிதர் குடும்பம் நடத்த முடியுமா, பயிற்சிக்கும் விடுப்புக்கும் பணம் உண்டா என்று கேள். நீயே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அந்த உரிமையை விட்டுவிடாதே. சம்பளக் கணக்கு எழுதும் வேலைக்கு மட்டும் ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்.

இல்லத்தில் இருந்தால் பாதுகாப்பாவது உண்டே என்று எழுதியிருக்கிறாய். உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை இப்படித்தான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். ஆனால் பேச முடியாத ஒருவருக்கு உண்மையான பாதுகாப்பு, அவரைத் தெரிந்த, சம்பளத்துக்காக அல்லாமல் வந்து போகும் கண்கள் பல இருப்பதுதான். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பெற்றோர்கள் சிலர் இதே கேள்வியோடு 1989-இல் பிளான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிள்ளை ஒவ்வொருவரையும் சுற்றி உறவினர், அண்டை வீட்டார், பழைய ஆசிரியர் என்று ஒரு வட்டத்தைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே கட்டி எழுப்புவது அதன் வேலை. அந்த மாகாணத்தில் 1996-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவரும் தனக்காக முடிவெடுக்கத் துணை நிற்பவரை நியமிக்க இடம் தருகிறது. யாரிடம் நம்பிக்கை காட்டுகிறார், எதை விரும்புகிறார், எதை வெறுக்கிறார் என்பதை முகத்தாலும் உடலாலும் தெரிவித்தால்கூட அதைக் கணக்கில் கொள்கிறார்கள். முழு உரிமையையும் பறித்துக் காப்பாளரிடம் கொடுத்துவிடுவதற்கு மாற்றாக இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை உன் வழக்கறிஞரிடம் சொல்லிப் பார்.

இயலாதவர் என்று அலுவலகங்கள் எழுதும் தீர்ப்பைக் கண்டு தங்கை மனம் தளர வேண்டாம். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரும்பு நுரையீரல் என்ற சுவாசக் கருவிக்குள் இரவைக் கழித்த எட் ராபர்ட்ஸை வேலை செய்ய இயலாத அளவுக்கு ஊனமுற்றவர் என்று கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை ஒதுக்கப் பார்த்தது. அவர் 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1975-இல் அதே துறைக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார். உன் மகள் துறை நடத்தப் போவதில்லை. அவளிடம் யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. மாலையில் பாட்டுக் கேட்கவும், பிடித்தவர் வந்தால் சிரிக்கவும், பிடிக்காத கையைத் தள்ளிவிடவும் அவளுக்கு இருக்கும் உரிமை ராபர்ட்ஸுக்கு இருந்த உரிமையைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

இல்லத்துக்கான சம்மதப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதே. மறுமதிப்பீட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டு, மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்பதை அலுவலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். அதுவரை தங்கை குனிந்து தூக்காமல் இருக்க, கூரையில் பொருத்தும் தூக்கும் கருவியைத் தனியாகக் கேள். பெரும்பாலும் அது சேவை மணி நேரத்தில் சேராத, துணைக்கருவிக்கான வேறு நிதியிலிருந்து வரும். படிவத்தின் நகலை எனக்கு அனுப்பி வை. எந்தெந்தப் பத்தியில் எதை எழுத வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். மறுமதிப்பீட்டுக்கு அவர்கள் வரும் நாளைத் தெரிவித்தால் நானும் வந்து உடன் உட்காருகிறேன். தங்கைக்கு என் அன்பு, மகளுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன் நண்பன்