ஒரே இழுப்பில் தெரிந்துவிடும்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கக் கிளம்பிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவன் வேலை மாறிவிட்டான். இப்போதெல்லாம் இரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

மகளுக்கு, சூடான இரண்டு தகட்டுக்கு நடுவே முடியை இழுத்து நேராக்கும் ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கப் போவதாகவும், விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்றும் கேட்டிருந்தாய். நல்லவேளை, வாங்குவதற்கு முன்னால் கேட்டாய்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் முதலில் வாங்கியது, பெட்டியில் 230 டிகிரி செல்சியஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்று. சூடு கூடினால் தரமும் கூடும் என்று நம்பினேன். ஆனால் ஒரு கற்றையை ஐந்தாறு தடவை இழுத்தால்தான் அது நேராகும். எட்டு மாதத்தில் தகட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கோட்டிங் பெயர்ந்து, அடியிலிருந்த உலோகம் தெரிந்தது. ஒரு நாள் என் மகளுக்கு இழுத்துவிடும்போது அந்த இடத்தில் முடி மாட்டி அறுந்து வந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நுனி இரண்டாகப் பிளந்திருந்தது, நடுவில் வெள்ளைப் புள்ளி போல அங்கங்கே புடைத்திருந்தது. வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாதே, காயம் ஆறுவது போல அது ஆறாது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூடு பட்டால் அவிழ்ந்து, ஆறும்போது புது வடிவத்தில் மறுபடி கட்டிக்கொள்கின்றன. ஈரக்காற்று பட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகின்றன. சுருட்டை முடியைச் சுருட்டையாக வைத்திருக்கும் பலமான பிணைப்பு வேறு, அதை இந்தச் சூடு தொடுவதில்லை. அதனால் ‘நிரந்தரமாக நேராக்கும்’ என்று எந்த ஸ்ட்ரெய்ட்னர் பெட்டியிலாவது போட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிடு.

ஆகவே நமக்கு வேண்டியது அளவான சூடு, அதுவும் தகடு முழுக்க ஒரே மாதிரி. மட்டமான ஸ்ட்ரெய்ட்னரில் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. முடி பட்டதும் தகடு கொஞ்சம் ஆறும், ஆறியதைச் சட்டென்று ஈடுகட்ட அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் திரும்பத் திரும்ப இழுக்கிறோம், ஒவ்வொரு இழுப்பிலும் முடி வேகிறது. நல்லதில் மெதுவாக ஒரே இழுப்பு, மிஞ்சினால் இரண்டு. விலை கூடியதற்கு நாம் பணம் கொடுப்பது உண்மையில் இதற்காகத்தான். ஜிஎச்டி நிறுவனத்தின் பெரும்பாலான ஸ்ட்ரெய்ட்னர்கள் 185 டிகிரியிலேயே நின்றுவிடுகின்றன. டைசன் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த, தகடு வளைந்து கொடுக்கும் ஸ்ட்ரெய்ட்னரிலும் 165, 185, 210 என்று மூன்றே அளவுதான். விலை அதிகமான இவர்களே 230க்குப் போகவில்லை என்பதை யோசித்துப் பார்.

தகடு விஷயத்தில் மட்டும் நீ நிறையக் கேள்வி கேட்க வேண்டும். ‘செராமிக்’ என்று போட்டிருந்தால், முழுத் தகடும் செராமிக்கா, அலுமினியத்தின் மேல் பூசிய கோட்டிங்கா என்று விசாரி. கோட்டிங் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மெல்லியதாகப் பூசியது உரிந்துவிடும். டைட்டானியத் தகடு சட்டென்று சூடேறி, வேகமாக முடிக்குள் சூட்டை இறக்கும் என்கிறார்கள். அடர்த்தியான, முரட்டு முடிக்கு நன்றாக இருக்கும். உன் மகளுக்கோ பூனை முடி, அவளுக்கு அது வேண்டாம். டூர்மலின் என்ற கனிமம் கலந்தது, முடி பறக்காமலிருக்க அயனி வெளிவிடும் என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பார்கள். அதற்காக மட்டும் நான் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

கையில் எடுத்தால், பிளக்கில் செருகுவதற்கு முன்னாலேயே சில விஷயம் தெரிந்துவிடும். இரண்டு தகட்டையும் சேர்த்து மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் பிடித்துப் பார். இரண்டு தகட்டுக்கும் நடுவே கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் முடியைப் பிடிக்காது. பிறகு தகட்டை விரலால் அழுத்து. லேசாக உள்ளே போய்த் திரும்ப எழ வேண்டும், அப்படி மிதக்கிற தகடு கற்றையின் கனத்துக்கு ஏற்ப இறங்கிக் கொடுக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை நுனியில், நடுவில், அடியில் என்று கவ்வவிட்டு இழுத்துப் பார்ப்பேன். மூன்று இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். கடைசியாக விரலை ஓரத்தில் ஓட்டிப் பார், கூர்மையாக இருந்தால் முடியில் மடிப்பு விழும்.

சூட்டை டிகிரி டிகிரியாக மாற்ற முடிவதையே வாங்கு. வெறும் ஆன், ஆஃப் மட்டும் இருப்பது அவளுக்கு ஒத்துவராது. மெல்லிய முடிக்கு 150இல் ஆரம்பித்து, படியவில்லை என்றால் மட்டும் பத்துப் பத்தாக ஏற்றலாம். தோள்வரை முடிக்கு ஒரு அங்குல அகலத் தகடு போதும். அரை மணியிலோ ஒரு மணியிலோ தானாக அணைந்துவிடும் வசதி கட்டாயம் இருக்கட்டும், நம் பிள்ளைகளின் காலை அவசரம் உனக்குத் தெரியாததா! வயர் கைப்பிடியோடு சேரும் இடம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் முறுக்கி முறுக்கி முதலில் அங்கேதான் அறுகிறது. அவள் படிக்க வெளிநாடு போகலாம் என்று எழுதியிருந்தாயே, கைப்பிடியில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடு, அப்போதுதான் அந்த ஊர் மின்சாரத்துக்கும் ஒத்துவரும்.

இப்போது என்னிடம் இருப்பது முதலில் வாங்கியதைப் போல மூன்று மடங்கு விலை. மூன்று வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஓடுகிறது, தகட்டில் ஒரு கீறல் இல்லை. பழையது எட்டே மாதம்தான் உழைத்தது. நீயே கணக்குப் போட்டுப் பார். ஆனால் அவள் கல்யாணம், விசேஷம் என்று வருஷத்துக்கு நாலு நாள்தான் எடுப்பாள் என்றால் நடுத்தர விலையில் நல்ல தகடாகப் பார்த்து வாங்கு, அதற்கு மேல் செலவழிக்காதே.

இன்னொன்று, அவளிடம் கண்டிப்பாகச் சொல். ஈரத்தலையில் வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகித் தண்டுக்குள்ளேயே குமிழ் குமிழாக ஊதிவிடும், அங்கேதான் முடி ஒடியும். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால் அந்த நிமிஷமே எடுத்துவிட வேண்டும். இழுத்து முடித்ததும் ஆறும்வரை சீப்பு படவே கூடாது.

வாங்கியதும் எத்தனை டிகிரியில், எத்தனை இழுப்பில் படிகிறது என்று எனக்கு எழுது. இரண்டுக்கு மேல் போனால் மாற்றிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, பில்லைப் பத்திரமாக வை. முழங்காலையும் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தோழி,
சுமதி